சிவப்புப் புள்ளி வைத்த கேசட்

ஆபா,

உங்கள் மகன் கொண்டுவந்து கொடுத்த கேமரா பையை நான் உடனே திறக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் அதை ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் நாற்பதாம் நாள் பாத்தியா முடிந்த மறுநாள் அவன் வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றான். "அம்மி சொல்லிட்டுப் போனாங்க ஆன்ட்டி. கேமரா பையி விம்லாவுக்கு, வேற யாரும் தொறக்காதீங்கன்னு" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. திறந்து பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறான் என்று எனக்கு உடனே தோன்றியது. பையின் இரண்டு ஜிப்பையும் சேர்த்து நூலால் முடிச்சுப் போட்டிருந்தீர்கள். அவன் போன பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அது உங்கள் முடிச்சுதானா என்று பார்த்தேன். உங்கள் முடிச்சுதான். பாவம், பையன் அழுத கண்ணைத்தான் மறைத்திருக்கிறான்.

திறந்த அன்று முதலில் வந்தது தோல் வாசனை. ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி மூக்கைப் பொத்தும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். ஆனால் இது தனி. டேனரியில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோலை வாங்கி, நீங்களே அளவு சொல்லித் தைக்க வைத்த பை. அந்த வாசனைக்கு அடியில் உங்கள் அத்தர் வாசனை. என்னால் கொஞ்ச நேரம் கையை உள்ளே விட முடியவில்லை.

கேமரா இருந்தது. அதன் அடாப்டர் இருந்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை வைத்த வயர், முனையெல்லாம் கருத்துப்போய் இருந்தது. நம் ஊர்க் காற்று வெள்ளிக் கொலுசையே கருக்க வைக்கும்போது வயரை விடுமா. காய்ந்துபோன நகப்பூச்சு பாட்டில் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், கைக்குட்டையில் சுற்றி, ஒரு சின்ன கேசட். அதன் முதுகில் சிவப்பாக ஒரு புள்ளி. அதைப் பார்த்ததும் பையை மூடிவிட்டேன். அப்படியென்றால் இத்தனை வருஷமாக ஊர் பேசியது பொய் இல்லை. நான் என் கண்ணால் பார்த்ததும் பொய் இல்லை.

நாம் வேலை செய்த விதம் இப்போது யாருக்கும் புரியாது, ஆபா. உங்கள் வீட்டுக்காரர் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணத்தில் ஆண்கள் பக்கம் அவர் எடுப்பார். பெண்கள் பக்கம் எந்த ஆணும் கேமராவோடு வர முடியாது என்பதால் நீங்கள் கேமராவைக் கையில் எடுத்தீர்கள். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்தோலான அப்பர் தைத்துக்கொண்டிருந்த நான், கம்பெனிக்கு ஆர்டர் இல்லாத ஒரு சமயத்தில், லைட் பிடிக்க உங்களோடு வந்தேன். போகப் போக அக்கா என்பது ஆபா ஆனது. விமலா என்பது உங்கள் வாயில் முதல் நாளே விம்லா ஆகியிருந்தது. உங்களுக்குக் கரண்ட் என்றால் பயம். அதனால் வயர் முழுவதும் என் பொறுப்பு, சந்தேகப்படுவது முழுவதும் உங்கள் பொறுப்பு என்று ஆயிற்று.

எடுத்த சின்ன கேசட்டை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோகக் கூடாது. உங்கள் வீட்டுக்காரர்கூடப் பார்க்கக் கூடாது. கல்யாண வீட்டிலேயே, பெண்கள் இருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கேமராவை அவர்கள் டெக்கோடு இணைத்துப் பெரிய கேசட்டில் இறக்கிக் கொடுத்துவிட வேண்டும். வீடியோ ரெக்கார்டரை அப்போது நம் பக்கத்தில் டெக் என்றுதானே சொல்வோம். இறக்கி முடித்த பிறகு, அந்த வீட்டில் மூத்தவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்க்க, கேமராவின் கண்ணுக்கு மூடியைப் போட்டு, அதே சின்ன கேசட்டில் முதலிலிருந்து கடைசிவரை வெறும் இருட்டைப் பதிய வேண்டும். நகையும் பட்டும் சிரிப்புமாக இருந்த முகங்களெல்லாம் அதில் ஒன்றுமில்லாமல் போகும். அதற்குப் பிறகுதான் நமக்குப் பிரியாணி.

இணைக்கும்போது நீங்கள் கதவோரம் நின்றுகொண்டு வக்கீல் மாதிரி கேட்பீர்கள்.

"கரண்ட் ஆஃபா விம்லா?"

"ஆஃப் ஆபா."

"சுச்சு ஆஃபா, பிளக்கே வெளியவா?"

"வெளிய."

"காட்டு."

நான் பிளக்கைத் தூக்கிக் காட்டுவேன். எல்லா வயரையும் மாட்டிய பிறகுதான் கரண்ட். கேமராவில் 'அவுட்', டெக்கில் 'இன்'. மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை. கேமராவின் திருகு 'பிளேயர்' பக்கம் இருக்கிறதா என்று நான் பார்த்து, நீங்கள் பார்த்து, மறுபடி நான் பார்ப்பேன். 'கேமரா' பக்கம் இருந்து ஒரு விரல் தவறிப் பட்டாலும் கல்யாணம் போச்சு. மேலே எதுவும் பதியாதபடி கேசட்டின் ஓரத்திலிருக்கும் குட்டித் தாழைப் பூட்டிய பக்கம் தள்ளி வைக்க வேண்டும். முதலில் வேண்டாத கேசட் ஒன்றை ஓட்டிப் பார்த்து, படமும் சத்தமும் சரி என்றால்தான் உண்மையான கேசட் உள்ளே போகும். இறக்கியதைப் பெரிய கேசட்டில் ஓட்டிப் பார்க்காமல் சின்னதைத் தொடவே கூடாது. "காப்பிய கண்ணால பாக்காம ஒரிஜினல்ல கைய வெக்காதே" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பீர்கள்.

அந்த நகப்பூச்சு என்னை ரொம்ப நாள் உறுத்தியது. தொழுகைக்கு ஆகாது என்று நீங்கள் நகத்தில் பூச மாட்டீர்கள், பிறகு எதற்குப் பையில் பாட்டில் என்று. கேட்கவில்லை. பிறகு பார்த்தால் அது கேசட்டுக்கு. பதிவான கேசட்டின் முதுகில் உடனே ஒரு புள்ளி. காலிக்கும் பதிந்ததற்கும் கை மாறிவிடக் கூடாது. பெயர் எழுத மாட்டீர்கள். எந்த வீட்டுப் பெண்களின் கேசட் என்று எவனுக்கும் தெரியக் கூடாது.

ரெஹானா கல்யாணத்தில்தான் அது நடந்தது. தோல் மண்டி வைத்திருந்த பெரிய குடும்பம், ஒரே பெண். ரெஹானாவின் அத்தையை வீட்டில் எல்லோரும் பூபி என்பார்கள். அந்த வீட்டில் அவர் கண் அசைவுக்குத்தான் எதுவும் நடக்கும். கல்யாணம் முடிந்து டெக்கில் இறக்கிக் கொடுத்தோம். பூபி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அழிப்பதைப் பார்க்க உட்கார்ந்தார். நீங்கள் கேமராவிலிருந்து கேசட்டை எடுத்து, துப்பட்டா முனையால் துடைத்து, திரும்ப உள்ளே போட்டீர்கள். போட்டபோது அதன் முதுகு என் பக்கம் இருந்தது. அதில் புள்ளி இல்லை.

நீங்கள் மூடியைப் போட்டு அமுக்கினீர்கள். இருட்டு ஓடியது. பூபி தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டே கடைசிவரை பார்த்தார். காலி கேசட்டை அத்தனை கவனமாக அழித்ததை அன்றுதான் பார்த்தேன். ஆட்டோவில் வரும்போது நீங்கள் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று முதல் உங்களை நான் கவனித்தேன், ஆபா. ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் கேசட்டை யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று பார்த்தேன். பெரிய இடம், மிரட்டிக் காசு பறிக்க வைத்திருக்கிறீர்களோ என்று நினைத்தேன். பிறகு அதற்கான தைரியம் உங்களுக்கு இல்லை என்று நானே தள்ளிவிட்டு, நகை டிசைன் பார்த்துச் செய்துகொள்ள வைத்திருப்பீர்கள் என்று முடிவு கட்டினேன். உங்கள் மகள் கல்யாணத்தில் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ரெஹானாவின் நகை மாதிரி எதுவும் இல்லை.

என்னைப் போல வேறு யாருக்கும் மூக்கில் வேர்த்ததா, இல்லை சும்மா கிளம்பியதா, தெரியாது. உங்களிடம் எங்கோ ஒரு கேசட் இருக்கிறது என்று ஊரில் பேச்சு வந்தது. கூப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதை நிறுத்தின. வேலூரிலிருந்து வேறொரு பெண் வந்து எடுக்க ஆரம்பித்தாள். யாராவது நேரில் கேட்டால் நீங்கள் அசையாமல் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எந்த கேசட்?" அவ்வளவுதான். கோபம் கிடையாது, சத்தியம் கிடையாது. சத்தியம் செய்யாததை வைத்தே நான் இன்னும் சந்தேகப்பட்டேன்.

பை வந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டெக் இல்லாத வீடுகளுக்கு நாம் தூக்கிப்போன பழைய டெக்கும் சின்ன டிவியும் என் வீட்டுப் பரண்மேல்தான் இருந்தன. வயர் மட்டும் புதிதாக ஒன்று துணைக்கு இருக்கட்டும் என்று வேலூர் போய், லாங் பஜாரில் கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் வயரை எடுப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"பழைய கேசட்டாக்கா? குடுங்க, பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்துடறேன். கம்மியாவே போட்டுக்கறேன்."

"கேசட்டெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. டிவிக்கு."

"டிவிக்கு இந்த வயர இப்ப யாரும் கேக்கறதில்லியே."

வயரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஏறும்வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வயர் வந்தும் கேசட்டைப் போட மனம் வரவில்லை. இன்னொரு வீட்டுப் பெண்களின் முகம். அதைப் பார்க்க நான் யார். நீங்கள் செய்தது தப்பென்றால், போட்டுப் பார்ப்பதும் அதே தப்புதான்.

அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை, ஆண்களெல்லாம் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம். ரெஹானாவை உடனே அடையாளம் தெரிந்தது. மணப்பெண்ணாகத் தலை குனிந்திருந்தவள், இப்போது தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் இருந்தாள். கூட வந்தது அவள் அண்ணன் மனைவி. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"கேமரா பையி உங்க கிட்ட வந்துச்சின்னாங்க" என்றார் அண்ணி. "அதுல எங்க வூட்டு கேசட் இருக்குதா?"

"எந்த கேசட்?" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மறைக்காதீங்க. எங்க வூட்டுக்காரரு சொல்லி அனுப்பிச்சிருக்காரு. இருந்தா எங்க எதிர்லயே அழிச்சிடணும்னு. இத்தினி வருஷம் பட்ட பேஜார் போதும்."

ரெஹானா கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இவள்தான் அண்ணனைத் தூண்டிவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். கேசட்டைக் கொடுத்தால் என் எதிரிலேயே நாடாவை உருவிப் போட்டுவிடுவார்கள். உங்கள் பெயர் நிரந்தரமாகத் திருடி என்று ஆகும். அதை என் கையால் செய்ய வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது.

"அழிக்கறதுன்னாலும், இது உங்க வூட்டுதா இல்லியான்னு பாக்கணும் இல்ல?" என்றேன். "பேரு எதுவும் எழுதல. வேற யார் வூட்டுதயாவது அழிச்சிட்டா?"

அண்ணி யோசித்துவிட்டுச் சரி என்றார். நான் அவர்கள் போன்களை வாங்கி, என்னுடையதையும் சேர்த்துச் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். நீங்கள் இருந்திருந்தால் மெச்சியிருப்பீர்கள்.

டெக்கையும் டிவியையும் இறக்கித் துடைத்தேன். கதவோரம் நின்று கேட்க ஆள் இல்லை. அதனால் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன், வாய்க்குள். பிளக்கை உருவித் தூக்கிக்கூடப் பார்த்தேன். அடாப்டர் வயரில் எங்காவது தோல் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவினேன். அவுட், இன். மஞ்சளுக்கு மஞ்சள். திருகு 'பிளேயர்' பக்கம். பிறகுதான் கரண்ட். வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டினால் சத்தம் வருகிறது, படம் இல்லை, டிவி நீலமாக நிற்கிறது. புதுவயர்தான், அதில் கோளாறு இருக்காது. மறுபடி எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கை உருவி, டெக்கில் படம் வரும் மஞ்சள் துளையைப் பார்த்தேன். உலோகம் கருத்திருந்தது. பென்சில் ரப்பரைச் சின்னதாக நறுக்கி உரசி, பஞ்சால் துடைத்து, திரும்ப மாட்டினேன். படம் வந்தது.

இனிமேல்தான் பயம். இத்தனை வயதான நாடா ஒருமுறை ஓடும். இரண்டாவது முறை ஓடுமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாடாவில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன். குட்டித் தாழ் பூட்டியிருந்தது, நீங்கள் பூட்டியது. காலியான பெரிய கேசட் ஒன்றை டெக்கில் தள்ளினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. எதையும் ஒரே ஒரு பிரதியாக விட்டுவைக்கக் கூடாது என்ற பழக்கம் கையில் இருந்தது. கேமராவில் ஓட்டத்தை அமுக்கிய கையோடு, அண்ணி பார்க்காதபடி டெக்கில் பதிவையும் அமுக்கினேன்.

டெக்கின் முகத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்கை நான் மறந்தே போயிருந்தேன்.

ரெஹானா அதைப் பார்த்துவிட்டாள். நேராக அதையே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன். அவள் எழுந்து, டிவியைக் கிட்டே பார்க்கப் போகிறவள் போல முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கைப்பையை எடுத்து டெக்கின் முன்னால் வைத்தாள். விளக்கு மறைந்தது.

அப்போதுதான் புரிந்தது, ஆபா, அவள் அழிக்க வரவில்லை என்று.

படம் ஓடியது. கோடு கோடாக, நிறம் வெளுத்து, ஆனாலும் ஓடியது. மேடையில் ரெஹானா. அவளைச் சுற்றிச் சிரித்துக்கொண்டும் மருதாணிக் கையைக் காட்டிக்கொண்டும் பெண்கள். பின்னால் தட்டோடும் சொம்போடும் ஒருத்தர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கேமரா கிட்டே வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவர் வரும்போதெல்லாம் ரெஹானாவின் முதுகு நிமிர்ந்தது.

"அம்மி" என்றாள் மெதுவாக.

"உங்க வூட்ல பெரிய கேசட் குடுத்தோமேம்மா" என்றேன்.

"அம்மி மவுத்தானப்புறம் ஒருநாள் அத எடுத்துப் போட்டேன்க்கா. கிரிக்கெட் ஓடுது." அவள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆம்பளைங்க எடுத்துப் பாத்துடக் கூடாதுன்னு பூபி அதுல பேரே எழுத உடல. அண்ணன் காலி கேசட்டுன்னு நெனச்சி மேட்ச்ச புடிச்சிட்டாரு. அம்மிக்கு ஒரு போட்டோகூட கிடையாது. எடுக்க உட மாட்டாங்க."

"மேலே பதிய முடியாதபடி அதன் தாழை உடைத்துத்தானே கொடுத்தோம்" என்று நான் கேட்கவில்லை. உடைத்த ஓட்டைமேல் செலோடேப் ஒட்டினால் பதியலாம் என்பது நம் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஆபாகிட்ட ஒண்ணு இருக்குன்னு ஊர்ல பேசினப்ப" என்றாள் ரெஹானா, "எல்லாரும் திட்டினாங்க. நான் மட்டும் அது நெசமா இருக்கணும்னு அல்லாகிட்ட கேட்டுக்கினு இருந்தேன். நேர்ல போய் கேக்க பயம். கேட்டா ஆபாவுக்குக் கெட்ட பேரு ஆயிடும்."

கேசட்டின் கடைசியில் கூட்டம் கலைந்துவிட்டது. அறை காலி. லைட் இல்லாமல் படம் மங்கலாக இருக்கிறது. நான் அப்போது கீழே மீட்டர் பெட்டியில் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறது. டெக்கில் இறக்கும்போது இந்த இடம் வருவதற்கு முன்பே 'போதும், நிறுத்து' என்று நீங்கள் சொன்னது ஏன் என்று இப்போது புரிந்தது. ரெஹானாவின் அம்மா வந்து கேமராவுக்கு நேராக உட்கார்ந்தார். முக்காட்டைச் சரிசெய்தார், ஆனால் முகத்தை மறைக்கவில்லை. அவர் உருதுவில்தான் பேசினார். உங்களோடு சுற்றியதில் எனக்கும் அந்த அளவு உருது வந்துவிட்டிருந்தது.

"ஓடுதா?"

"ஓடுது" என்றது உங்கள் குரல், கேமராவுக்குப் பின்னாலிருந்து. பாழாய்ப்போன என் கண் அங்கேயே நிறைந்துவிட்டது.

"பூபி முன்னாடி வேற ஒண்ண அழிச்சிடுங்க ஆபா. இது இருக்கட்டும். எங்க வூட்ல எதுவும் தங்காது. என் மொகம் எங்கயாவது ஒரு எடத்துல இருக்கட்டும். ரெஹானா என்னிக்காவது வந்து கேட்டா குடுங்க. கேக்கலன்னா வேணாம்."

"சரி."

"யாருக்கும் தெரிய வேணாம்."

"தெரியாது."

"கூட லைட் புடிக்கிறாளே, அந்தப் பொண்ணு?"

நீங்கள் சொன்னீர்கள்: "விம்லாவா? அவ பாத்துடுவா. ஆனா கேக்க மாட்டா."

அதோடு கேசட் முடிந்து திரை நீலமானது. மூன்று பேரும் நீலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது, ஆபா. இப்போதும் இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைவிட மோசம், நான் கேட்காமல் இருந்ததை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டீர்கள். அது நம்பிக்கை இல்லை. சுத்தமான சந்தேகம். கேட்டால் நீங்கள் பொய் சொல்வீர்கள், பிறகு உங்களோடு வேலை செய்ய முடியாது என்ற பயம். அந்த வாயடைப்பை நம்பி, தொழில் போனபோதும், வீட்டு வாசலில் பெண்கள் முகம் திருப்பியபோதும், கொடுத்த ஒரு வாக்கைக் காத்திருக்கிறீர்கள். ரெஹானா வந்து கேட்பாள் என்று நீங்கள் காத்திருந்தீர்கள். கேட்டால் உங்களுக்குக் கெட்ட பெயர் என்று அவள் வராமல் இருந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் இரண்டு வீடும்.

அண்ணிதான் முதலில் பேசினார். "மாமி கொரல் இப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் அந்த வூட்டுக்கு வந்தப்ப அவங்க இல்ல." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "இப்ப அழிக்கணும் இல்ல?" என்றார்.

ரெஹானா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நான் அவர்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணி. அவர் பார்வை மேஜைமேல் இருந்தது. அங்கே, முதலில் ஓட்டிப் பார்த்த வேண்டாத கேசட் கிடந்தது. "கேசட்ட அழிச்சத என் கண்ணால பாத்தேன்னு சொல்லணும். எந்த கேசட்டுன்னு அவரு கேக்க மாட்டாரு."

ரெஹானா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் புள்ளி வைத்த கேசட்டை எடுத்து, புடவை முனையால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டேன். வேண்டாத கேசட்டைக் கேமராவில் போட்டேன். காப்பி சரியாக விழுந்ததா என்று கண்ணால் பார்க்காமல் ஒரிஜினலில் கை வைக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். அதை நான் மீறவில்லை. மூடியைப் போட்டு, திருகை மாற்றி, பதிவை அமுக்கினேன். அண்ணி பூபி மாதிரியே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவைக் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகுதான் டீ போட்டேன். இந்த முறை குடித்தார்கள். அந்தக் கேசட்டை யாராவது போட்டுப் பார்த்தால் கும்மிருட்டும், மூன்று பொம்பளைகள் டீயில் சக்கரை ஜாஸ்தி என்று பேசிச் சிரிப்பதும்தான் இருக்கும்.

போகும்போது, "ஒண்ண நீ எடுத்துட்டுப் போம்மா" என்றேன். ரெஹானா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"எங்க வூட்டுக்குக் கொண்டுபோனா அதுமேலயும் எவனாவது எதையாவது புடிப்பான். இங்கயே இருக்கட்டும்க்கா. நான் வந்து பாத்துக்கறேன்."

அவர்கள் போன பிறகு பெரிய கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். விழுந்திருக்கிறது, உங்கள் குரலும் விழுந்திருக்கிறது. தாழை உடைத்தேன். புது நகப்பூச்சு வாங்கிவந்து, சின்னதில் வெளுத்திருந்த புள்ளிமேல் இன்னொரு புள்ளி வைத்தேன். பெரியதில் புள்ளி போதாது என்று பட்டது. காலி என்று நினைத்து இன்னொருமுறை யாரும் எடுத்துவிடக் கூடாது. பெயர் எழுத வேண்டும், ஆனால் அந்த வீட்டுப் பெயரை எழுத முடியாது. உங்கள் பெயரையும் எழுதவில்லை. நீங்கள் பட்டது போதும். விமலா என்று என் பெயரையே எழுதினேன்.

நேற்று கறிக்கடைப் பக்கம் போனபோது, நாம் முன்பு கல்யாணம் எடுத்துக்கொடுத்த வீட்டு அம்மா ஒருத்தர் என்னை நிறுத்தினார். "ஆபா வெச்சிருந்த கேசட்டு இப்ப உன் கிட்ட இருக்குதாமே?"

"எந்த கேசட்?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்களை ஊர் எப்படிப் பார்த்ததோ அதே பார்வை. நானும் உங்களைப் பார்த்த பார்வைதான். அதை வாங்கிக்கொண்டு, கறியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன, ஆபா. ஊர் கேட்டால் எந்த கேசட் என்பேன்; ரெஹானா வந்து கேட்டால் எடுத்துப் போடுவேன்.